“கமிட்டியில் வைத்திருக்கிறேன்” என்று கவுன்சிலர் சொன்னால் என்ன அர்த்தம்?

கேள்வி: சென்னை மாநகராட்சிக்குள் ஒரு உள்தெருவில் இருக்கிறோம். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் ஆறு தெருவிளக்குகள் பல மாதமாக எரியவில்லை. ஓரமாகப் போகும் கால்வாய் மூடி உடைந்து கிடக்கிறது. போன மழையில் டியூஷன் முடிந்து வந்த பிள்ளை ஒருத்தி அதில் காலை விட்டுவிட்டாள். நல்லவேளை, முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. இருட்டாகக் கிடக்கும் முனையில், பக்கத்து டாஸ்மாக்கில் வாங்கி வந்து உட்கார்ந்து குடிக்கிறார்கள். பைக்குகளும் பறக்கின்றன, அதனால் ஒரு வேகத்தடையும் வேண்டும் என்று சேர்த்து, 140 பேர் கையெழுத்துப் போட்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்தோம். “கமிட்டியில் வைத்திருக்கிறேன்” என்றார். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் “அடுத்த கமிட்டியில் வரும்” என்கிறார். இது எந்தக் கமிட்டி? பொதுமக்கள் பாதுகாப்புக்கென்று மாநகராட்சியில் தனிக் கமிட்டி இருக்கிறதா? நாங்கள் நேரில் போய்ப் பேச முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரி,

தமிழ்நாட்டின் ஒரு மாநகராட்சியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் கேட்கிற அந்தக் கமிட்டி மேசையின் கடைசி முனையில், கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: “கமிட்டியில் வைத்திருக்கிறேன்” என்பதற்கு மூன்று அர்த்தம் உண்டு. உங்கள் மனு கோப்பாகி, மதிப்பீடு போடப்பட்டு, கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஏறியிருக்கலாம். கூட்டத்தில் கவுன்சிலர் வாயால் ஒரு தடவை சொல்லி, எதிரே இருந்த அதிகாரி தலையாட்டியிருக்கலாம். அல்லது மனு இன்னும் அவருடைய கார் டேஷ்போர்டிலேயே இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். “பொருள் எண் என்னங்க?” என்று மரியாதையாகக் கேளுங்கள். எண் வந்தால் முதல் வகை. “பார்த்துச் சொல்றேம்மா” என்றால் மற்ற இரண்டில் ஒன்று.

பாதுகாப்புக்குத் தனிக் கமிட்டி உண்டா என்றால், இல்லை. சென்னை மாமன்றத்தில், அதாவது எல்லா வார்டுக் கவுன்சிலர்களும் கூடும் மன்றத்தில், கணக்கு-தணிக்கை, பொதுச் சுகாதாரம், கல்வி, வரிவிதிப்பு-நிதி, நகரமைப்பு, பணிகள் என்று நிலைக்குழுக்கள் இருக்கின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் ஒன்றும் கிடையாது. பல அமெரிக்க நகரங்களில் அப்படி ஒரு குழு இருக்கும். நகரத்துப் போலீஸ் தலைமை அதிகாரி அங்கே வந்து கவுன்சிலர்களுக்குப் பதில் சொல்வார், ஏனென்றால் அங்கே போலீஸே நகராட்சியின் கீழ் இருக்கிறது. நம் அரசமைப்பில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மேயர் நினைத்தாலும் உங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரைக் கமிட்டிக்கு வரச்சொல்லிக் கேள்வி கேட்க முடியாது. சென்னையில் கமிஷனர் என்றே இரண்டு பேர் இருக்கிறார்கள். ரிப்பன் மாளிகையில் இருப்பவர் மாநகராட்சி ஆணையர், வேப்பேரியில் இருப்பவர் காவல் ஆணையர். உறை மேல் வெறுமனே “கமிஷனர் அவர்கள்” என்று எழுதி, சாக்கடை மனு போலீசுக்கும் சங்கிலிப் பறிப்பு மனு மாநகராட்சிக்கும் போய்ச் சேர்ந்த கதை எத்தனையோ.

ஆனால் பாதுகாப்புக்கு வேண்டிய பௌதிகப் பொருள்களெல்லாம் மாநகராட்சியிடம்தான் இருக்கின்றன: விளக்கு, நடைபாதை, மழைநீர் வடிகால், உள்தெரு, பொதுக் கழிப்பிடம். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளைப் பட்டியல் போட்டது. தெருவிளக்கும் பேருந்து நிறுத்தமும் அதில் இருக்கின்றன, போலீஸ் இல்லை. ஆக, உங்கள் தெருவில் பாதுகாப்பு என்பது இரண்டு மூன்று அலுவலகங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. உங்கள் மனுவோ எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பொருள் கமிட்டிக்கு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். கவுன்சிலரோ பொதுமக்களோ கொடுத்த மனு வார்டு உதவிப் பொறியாளர் மேசைக்கு வரும். அவர் இடத்தைப் பார்த்து, அளந்து, மதிப்பீடு தயார் செய்வார். எந்த நிதித் தலைப்பில் செலவு என்று எழுத வேண்டும். அது உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர் என்று மேலே போய், மண்டலக் குழுக் கூட்டத்தின் பொருளாக வரும். அந்த மண்டலத்துக் கவுன்சிலர்கள்தான் அந்தக் குழு. அவர்களில் ஒருவர் தலைவர். தொகை மண்டலத்தின் அதிகாரத்துக்கு மேல் போனால் பணிகள் குழுவுக்கும், அதற்கும் மேல் என்றால் மாமன்றத்துக்கும் போகும். உங்கள் கவுன்சிலர் சொன்ன “கமிட்டி” பெரும்பாலும் மண்டலக் குழுவாகத்தான் இருக்கும்.

கூட்டம் நடக்கிற விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். டீ, பிஸ்கட், கொஞ்சம் சத்தம், அப்புறம் வரிசையாகப் பொருள்கள். “பொருள் எண் 14... அனுமதிக்கலாம். பொருள் எண் 15... அனுமதிக்கலாம்.” ஒரு பொருளுக்கு ஒரு நிமிஷம் கிடைத்தால் அதிகம். அந்த ஒரு நிமிஷத்தில் யாரும் தெருவைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார்கள். தாளில் இடம், அளவு, தொகை மூன்றும் இருந்தால் பொருள் ஓடிவிடும். நான் வேலை பார்த்த ஊரில் ஒரு தடவை, “பள்ளி மாணவிகளின் பாதுகாப்பு கருதி உரிய நடவடிக்கை எடுக்கலாம்” என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மேசையைத் தட்டினார்கள். மறுநாள் அந்தத் தீர்மானம் என் கைக்கு வந்தது. எந்தத் தெரு, எத்தனை கம்பம், என்ன தொகை, ஒன்றும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு பல்பு கூட வாங்க முடியாது. நானும் திருப்பி எழுதிக் கேட்காமல் கோப்பில் சேர்த்து வைத்தேன். என் தப்பும் அதில் உண்டு, மறைப்பானேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டிருப்பவற்றில் பாதிக்குக் கமிட்டியே தேவையில்லை. ஏற்கெனவே இருக்கிற விளக்கை எரிய வைப்பதும், உடைந்த மூடியை மாற்றுவதும் பராமரிப்பு வேலை. தீர்மானம் போட வேண்டியதில்லை. புதுக் கம்பம் நடுவது, வடிகாலையே இடித்துக் கட்டுவது, இவைதான் கமிட்டிக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டதால், இன்றைக்கே முடிகிற வேலையும் ஆறு மாத வேலையோடு சேர்ந்து வரிசையில் நிற்கிறது. மனுவை நாலாகப் பிரியுங்கள். அதே 140 பேரிடம் மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் போதும்.

விளக்கு: ஒரு மாலை ஏழரை மணிக்கு டார்ச்சோடு நடந்து, எரியாத ஒவ்வொரு கம்பத்திலும் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் அழிந்திருந்தால் எதிரே இருக்கும் வீட்டின் கதவு எண்ணை எழுதுங்கள். ஆறு கம்பமும் வரிசையாக இருக்கிறதா, நடுநடுவே எரிகிற விளக்கும் இருக்கிறதா என்று கவனியுங்கள். வரிசையாக ஆறும் போயிருந்தால் பல்பு பழுது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆறு பல்பும் ஒன்றாகச் சாகாது. கீழே போகும் கேபிளோ, விளக்குகளுக்கான சுவிட்ச் பெட்டியோதான் பழுது. கடைசியாக உங்கள் தெருவை யாராவது தோண்டினார்களா, விளக்கு அன்றிலிருந்துதான் எரியவில்லையா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். “இன்ன மாதம் குழாய்க்குத் தோண்டியதிலிருந்து” என்று ஒரு வரி எழுதினால், மின் பிரிவுக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். கம்பத்தில் ஒயர் வெளியே தொங்கினால் அதைத் தனியாக எழுதுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். தெருவிளக்கு மாநகராட்சி பொறுப்பு. ஆனால் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி) திறந்து கிடந்தால், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள், 94987 94987.

மூடி: நீங்கள் “கால்வாய் மூடி” என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் பாதிப் புகார்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகின்றன. தெரு நடுவில் வட்டமாக இருப்பது பெரும்பாலும் பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழி. அது குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது, 1916-ல் சொல்ல வேண்டும். தெரு ஓரமாக நீள்சதுரக் கான்கிரீட் பலகைகள் அடுக்கியிருப்பது மழைநீர் வடிகால். அது மாநகராட்சி, 1913. நீங்கள் சொல்வது ஓரத்தில் இருப்பதால் இரண்டாவதாக இருக்கும். ஆனாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ வைத்து எடுங்கள். அளவு புரிந்துவிடும், பார்ப்பவர் வயிற்றிலும் சுருக்கென்று தைக்கும். அப்புறம், மரக்கிளையை நட்டு சிவப்புத் துணி கட்டுவது நம் ஊர் வழக்கம். விளக்கில்லாத தெருவில் இரவில் அது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் எங்காவது கட்டட வேலை நடந்தால் கேட்டு வாங்கி, ஒளி திருப்பும் பட்டை ஒட்டிய தடுப்பு ஒன்றை வையுங்கள்.

“நிதி இல்லை” என்று பதில் வந்தால் ஒரு பழைய வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் ஊரில் திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட மக்கள், பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி பணமில்லை என்றது. 1980-ல் உச்ச நீதிமன்றம், பணமில்லை என்பதைச் சாக்காகச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. அவர்கள் பயன்படுத்திய அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு, இன்றைக்கு அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-வது பிரிவு. உங்களுக்கு அது இப்போது வேண்டாம். ஒரு கான்கிரீட் பலகைக்காக அவ்வளவு தூரம் போவது கொசுவுக்கு பீரங்கி வைக்கிற மாதிரி. ஆனால் அந்தக் கதவு இருக்கிறது.

குடிப்பவர்கள் விஷயம் மாநகராட்சிக் கமிட்டிக்குள் வராது. பொது இடத்தில் குடிப்பது போலீஸ் விவகாரம். நடக்கிற நேரத்தில் 100 அல்லது 112. எழுத்தில் ஸ்டேஷனுக்குக் கொடுப்பதானால் “எப்போதும் குடிக்கிறார்கள்” என்று எழுதாமல், இரண்டு வாரம் குறித்துவைத்து, எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த வீட்டு வாசல் என்று எழுதுங்கள். ரோந்து வண்டி வருவதற்கு நேரம் தெரிந்தால்தான் பயன். கடையின் இடமே தப்பு என்று நினைத்தால், மாநகராட்சிப் பகுதிகளில் பள்ளி, வழிபாட்டுத் தலங்களிலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்பது 2003-ம் ஆண்டு விதி. அளந்து பார்த்து, மீறியிருந்தால் கலெக்டருக்கும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் எழுதுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இந்தப் புகாரை உங்கள் தனிப் பெயரில் கொடுக்க வேண்டாம். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். நேரில் போய்க் கண்டிக்கவும் வேண்டாம், வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால், நாலில் விளக்கை முதலில் பிடியுங்கள். வெளிச்சம் வந்தால் ஓட்டை கண்ணுக்குத் தெரியும், குடிக்க உட்காருகிறவர்களுக்கும் கூச்சம் வரும். பெண்கள் பாதுகாப்புக்காக நிர்பயா நிதியில் எட்டுப் பெருநகரங்களுக்குத் திட்டம் ஒதுக்கியபோது சென்னையும் அதில் இருந்தது. இருண்ட தெரு பெண்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று சொன்னால் இன்று எந்த அதிகாரியும் சிரிக்கமாட்டார். எங்கள் காலத்தில் சிரித்தார்கள்.

வேகத்தடை மட்டும்தான் உண்மையிலேயே கமிட்டி, போலீஸ் என்று சுற்றி வர வேண்டிய விஷயம். சாலை யாருடையது என்று முதலில் பார்ப்பார்கள், அடுத்து போக்குவரத்துப் போலீஸ் கருத்து கேட்பார்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் தரப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. தெருவில் அவசரத்துக்குப் போடுகிற ஒட்டகத் திமில்கள் அந்தக் கணக்கில் சேராது. கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் அதைச் சபித்துக்கொண்டே போவார்கள். கேளுங்கள், பொறுமையாக.

நேரில் போய்ப் பேச முடியுமா? மண்டலக் குழுவிலும் மாமன்றத்திலும் பேசுவது உறுப்பினர்கள் மட்டும்தான். ஆனால் நீங்கள் நின்று பேசுவதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது, அதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. பகுதி சபை. கிராமசபை மாதிரி, வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து நடத்துகிற கூட்டம். 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் முதல்முறையாக நடந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் பம்மலில் நடந்த கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். போகும்போது கம்ப எண்கள் எழுதிய தாளை மூன்று நகல் எடுத்துப் போங்கள். ஒன்று கவுன்சிலருக்கு, ஒன்று உதவிப் பொறியாளருக்கு, மூன்றாவதில் “பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்தும் தேதியும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ள. இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள். பேசி முடித்ததும், “இதை நடவடிக்கைக் குறிப்பில் எப்படி எழுதியிருக்கீங்க, வாசித்துக் காட்டுங்க” என்று கேளுங்கள். “தெருவிளக்கு கோரிக்கை” என்று மட்டும் எழுதியிருந்தால், கம்ப எண்களோடு எழுதச் சொல்லுங்கள்.

கவுன்சிலர் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது தெரிகிறது. 2016 அக்டோபர் முதல் 2022 வரை சென்னையில் கவுன்சிலர்களே கிடையாது. தேர்தல் நடக்கவில்லை. ஆணையரே தனி அலுவலராக இருந்து மாமன்றத்தின் அதிகாரத்தையும் பார்த்தார். அந்தக் காலத்தில் ஒரு தெருக்காரர் யாரைப் போய்ப் பிடிப்பார்? திட்டுவதற்காவது ஒரு ஆள் வேண்டாமா? கவுன்சிலரோடு சண்டை போடாமல், ஒரு மாலை ஏழரை மணிக்கு உதவிப் பொறியாளரையும் அழைத்துக்கொண்டு உங்கள் தெருவில் நடக்கச் சொல்லுங்கள். அதிகாரிகளின் ஆய்வெல்லாம் காலை பதினோரு மணிக்குத்தான் நடக்கும். பதினோரு மணிக்கு எந்தத் தெருவும் இருட்டாக இருக்காது. நானே ஒரு தெருவை நாலு தடவை பகலில் பார்த்து “பிரச்சினை ஒன்றுமில்லை” என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாவது தடவை, மனு கொடுத்த அம்மா இரவில் வரச்சொல்லி வம்பு பண்ணினார். போனேன். எதிரே வந்தவர் என் மேல் மோதிய பிறகுதான் ஆள் வருவது தெரிந்தது. அடுத்த வாரமே மதிப்பீடு போட்டேன். கவுன்சிலருக்கு மேம்பாட்டு நிதியும் இருக்கிறது, மாமன்றத்தில் கேள்வி நேரமும் இருக்கிறது. புதுக் கம்பம் வேண்டியிருந்தால் அவரிடம் கேட்க வேண்டியது அது.

இவ்வளவு செய்தும் இரண்டு கூட்டம் தாண்டிவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்துக்குப் போங்கள். 10 ரூபாய், 30 நாள். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்தச் சட்டத்தில் ஆவணம்தான் கேட்க முடியும், விளக்கம் கேட்க முடியாது. “இன்ன தேதியில் கொடுத்த மனு மண்டலக் குழுவில் எந்தப் பொருள் எண்ணாக வைக்கப்பட்டது? தீர்மானத்தின் நகல் தருக” என்று கேளுங்கள். குழுக்களின் கூட்டக் குறிப்புகளை மக்கள் பார்க்கலாமா, கூடாதா என்பதை ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வைக்கவே இல்லை என்றால், அந்தப் பதிலும் எழுத்தில் வந்துவிடும்.

மூடிக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். இதைப் படித்ததும் 1913-க்குப் போன் போடுங்கள். புகார் எண் தருவார்கள், குறித்துக்கொள்ளுங்கள். சரிசெய்தாகிவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தும் ஓட்டை அப்படியே இருந்தால், அதே எண்ணைச் சொல்லி, அன்றைய போட்டோவோடு மறுபடி பதியுங்கள். கம்ப எண்கள் கிடைத்ததும் எனக்கும் எழுதுங்கள். மதிப்பீட்டுக்குத் தோதாக மனுவை எப்படி எழுதுவது என்று வரி வரியாகப் போட்டுத் தருகிறேன்.